எட்டாத வரிகளும் எட்டு நிமிடமும்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இன்னும் ஒழுங்காக்கப் போகிறவனைக் கைகால் கட்டி ஒரு மூலையில் உட்கார வைத்துவிட வேண்டும். இதை நான் பிறருக்குச் சொல்லவில்லை. என் இருபத்தேழாவது வயதில் யாராவது என்னை அப்படிக் கட்டிப் போட்டிருந்தால், கல்முனைக்குடியில் ஒரு தெருப் பெண்கள் முழுப்பேரும் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்தக் கேவலம் எனக்கு நேர்ந்திருக்காது.

எண்பதுகளின் நடுப்பகுதி. சவூதியில் ஒரு கம்பனியில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வேனிலிருந்து இறக்கிய பெரிய பெட்டியைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. சவூதியிலிருந்து வருகிறவன் டீவி கொண்டுவருவான், டெக் கொண்டுவருவான், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு காற்றாடியாவது கொண்டுவருவான். நான் கொண்டுவந்தது கம்பியூட்டர். பெட்டியைப் பிரித்ததும் "படம் ஓடுமா?" என்று கேட்டார்கள். ஓடாது என்றேன். "பாட்டு?" அதுவும் இல்லை என்றேன்.

"அப்ப என்னத்துக்கு மனே இத இவ்வளவு தூரம் சுமந்து கொண்டாந்த?" என்று உம்மா அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டார். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

உம்மாவின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. சவூதியில் என்னோடு வேலை செய்த கொழும்புக்காரர் ஹனீபா நானா, நோன்பு நேரங்களைக் கணக்கிட்டு அச்சடிக்கும் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். திகதியைக் கொடுத்தால் ஸஹர் முடியும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் கொழும்புக் கணக்கில் வரும். ஊரின் பெயரைக் கொடுத்தால் அந்த ஊருக்கு ஏற்ப நிமிடங்களைக் கூட்டும், அல்லது குறைக்கும். எங்கள் கிழக்குக் கரைக்கு எட்டு நிமிடம் குறைக்க வேண்டும். (எங்களுக்குப் பொழுது எட்டு நிமிடம் முந்திப் படும். கொழும்பை நாங்கள் முந்தியிருப்பது இந்த ஒன்றில்தான்.)

அதில் ஒரு சிக்கல். அந்தப் புரோகிராம் வேறொரு பழைய வகைக் கம்பியூட்டருக்காக எழுதப்பட்டது. நான் வாங்கிய புதிய மிசினுக்கு அதன் பாஷை தெரியாது. ஹனீபா நானா அதற்கும் வழி செய்திருந்தார். எமியுலேட்டர் என்று இன்னொரு புரோகிராம். அது புதிய கம்பியூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு பழைய கம்பியூட்டரைப் போல நடிக்கும். பழைய புரோகிராமும் தான் சொந்த வீட்டில் இருப்பதாக நம்பி வேலை செய்யும். நான் விமானம் ஏறிய அன்று இரண்டையும் பிளாப்பியில் போட்டுக் கையில் தந்து, கட்டிப்பிடித்து அனுப்பினார். நல்ல மனிதர். அவருடைய வேலையைத்தான் நான் நாசமாக்கினேன்.

இனி என் கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிவாசல்களை நிர்வகிப்பவர்களை மரைக்கார் என்போம். எங்கள் பள்ளியின் தலைமை மரைக்கார் மீராலெவ்வை. அவருடைய மகள் ஜெஸீமா பெண்கள் பாடசாலையில் கணக்கு ரீச்சர். அவளை நான் ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. பாடசாலை விட்டு, மார்போடு கொப்பிக் கட்டை அணைத்துக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிர்ஷ்டம், அவர்கள் வீட்டிலிருந்தே மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். பேச்சு முக்கால்வாசி முடிந்தது. மரைக்காருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். ஊருக்கு வந்தவன் கடையும் போடாமல், வயலும் செய்யாமல், அறைக்குள் ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறானே, இவனுக்குத் தலை சரிதானா?

ஒருநாள் வந்து பார்த்தார். பச்சை எழுத்துகள் ஓடும் திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதால ஊருக்கு என்ன பிரயோசனம் தம்பி?" என்றார்.

"நோன்புக்கு நேரம் அடிக்கலாம் மாமா." (கல்யாணம் முடியவில்லை. ஆனாலும் நான் 'மாமா'வைத் தொடங்கிவிட்டிருந்தேன்.)

"அப்ப இந்த றமழானுக்கு அடிச்சுத் தாங்க, பாப்பம்."

அது வெறும் அட்டவணை இல்லை, பரீட்சை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளங்கியது. அடித்தேன். கொழும்புக் கலண்டரை எடுத்து, எட்டு எட்டாகக் குறைத்து, முப்பது நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் பிசகவில்லை. மரைக்காரும் பார்த்தார். "நல்லம்" என்றார். ஜெஸீமா எனக்குத்தான் என்று அன்று முடிவாகிவிட்டது. அந்த இடத்தில் நான் கம்பியூட்டரை மூடி, துணியால் போர்த்தி, தேநீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

சும்மா இருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை கையில் அகப்பட்டது. எந்தப் புரோகிராமிலும் ஒருபோதும் இயங்காத வரிகள் கிடக்கும், எந்த வழியால் வந்தாலும் கம்பியூட்டர் அங்கே போய்ச் சேராது, அவற்றைத் தேடிப் பிடித்து வெட்டி எறிகிறவனே கெட்டிக்காரன் என்று அதில் ஒருவர் எழுதியிருந்தார். நான் அதற்கு 'எட்டாத வரிகள்' என்று தமிழில் பெயர் வேறு வைத்துக்கொண்டேன். (வேலையில்லாதவன் கையில் கலைச்சொல் அகப்படக் கூடாது.) பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டு ஹனீபா நானாவின் எமியுலேட்டருக்குள் இறங்கினேன்.

அதில் நினைவகத்தைக் கவனிக்கும் பகுதி ஒன்று இருந்தது. பழைய கம்பியூட்டரின் நினைவகத்தை இரண்டு அறையுள்ள வீடாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னறை எப்போதும் திறந்திருக்கும். பின்னறையில் எதையாவது வைக்கவோ எடுக்கவோ வேண்டுமானால் தனிக் கட்டளை கொடுத்துத் திறக்க வேண்டும். அந்தப் பின்னறையைத் திறக்கவும் மூடவும் மட்டும் ஹனீபா நானா பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பின்னறை வாசலில் ஓர் எண்ணியை வைத்தேன். யார் உள்ளே போனாலும் ஒன்று கூட்ட வேண்டும். றமழான் முப்பது நாளையும் ஓட்டினேன். பூச்சியம். திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் பூச்சியம். ஒரு குருவிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

வெட்டினேன். அத்தனை பக்கத்தையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டே வரி போட்டேன். பின்னறையில் எதை வைக்கச் சொன்னாலும் வைத்தது போலத் தலையாட்டிவிட்டு எறிந்துவிடு. அங்கே இருப்பதை எடுக்கச் சொன்னால் 'ஒன்றுமில்லை' என்று சொல்லு. றமழான் அட்டவணை முன்போலவே சரியாக வந்தது. அச்சடிக்கும் நேரத்தில் அரை நிமிடம்கூட மிச்சமாகவில்லை. ஆனாலும் அன்று முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். கடைத்தெருவில் மரைக்காரைக் கண்டு, கேட்காமலே சொன்னேன்.

"தேவல்லாத சாமானெல்லாத்தையும் எடுத்து எறிஞ்சிட்டன் மாமா. உள்ளுக்க இப்ப நல்ல துப்பரவு."

"வீடு துப்பரவா இரிக்கிறது நல்லம்தானே" என்றார் அவர், பாவம், எந்த வீடு என்று தெரியாமல்.

றமழானுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுதாகி, திருத்துவதற்கு மட்டக்களப்புக்குப் போய்விட்டது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கை மோதினார் வெறும் வாயால் சொன்னால், அது பள்ளி மதிலைத் தாண்டுவதே பெரிய காரியம். கல்யாணம் முடித்து அடுத்த வளவில் இருக்கும் என் அக்கா, ராத்தா என்போம், அன்று பின்னேரம் வந்து நின்றாள்.

"தம்பி, உன்ட மிசின்ல இந்த மாசக் கடசி நாலு நாளைக்கும் நோன்பு திறக்கிற நேரம் அடிச்சுத் தாவன்."

"இது ஷஃபான் மாசமே ராத்தா. றமழானுக்கு முந்தி ஆரு நோன்பு புடிக்கிற?"

ராத்தா வேறெங்கோ பார்த்தாள். "உனக்கென்னத்துக்கு அந்தக் கதையெல்லாம்? கேட்டா அடிச்சுத் தா."

தம்பியின் கெட்டித்தனத்தைத் தெருவுக்குக் காட்டிப் பெருமையடிக்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மாதத்தை மாற்றிக் கொடுத்தேன். கடகடவென்று அடித்தது. பார்க்காமலே கிழித்து நீட்டினேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். விளங்காத ஆண்களுக்காகச் சொல்கிறேன். பெண்களுக்கு ஒவ்வொரு றமழானிலும் சில நாள் நோன்பு விடுபடும். அடுத்த றமழான் வருவதற்குள் அவற்றைப் பிடித்து முடிக்க வேண்டும். களா நோன்பு என்பது அதுதான். பொழுது பட்டுப் பாங்கு கேட்டால்தான் நோன்பு திறக்கலாம், அதற்கு முந்தி ஒரு வாய் தின்றாலும் அன்றைய நோன்பு செல்லாது. வருடம் முழுக்க வேலை, பிள்ளை, நோய் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசிக் கிழமையில் பாதித் தெருப் பெண்கள் நோன்பாக இருப்பார்கள். அதை ஆண்களிடம் சொல்லிக்கொண்டு திரியமாட்டார்கள். உம்மாவோடும் ராத்தாவோடும் ஒரே வீட்டில் வளர்ந்தும் எனக்கு அது தெரியாது. ஹனீபா நானாவுக்குத் தெரியும், அவர் மூன்று பிள்ளைகளின் தகப்பன். அதனால்தான் றமழான் அல்லாத மாதங்களுக்கும் புரோகிராம் எழுதி, அந்த மாதங்களின் கணக்கைப் பின்னறையை வைத்துச் செய்திருந்தார்.

எங்கள் தெருவில் வளவுக்கு வளவு பின்வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். பெண்களின் போக்குவரத்தெல்லாம் அதனால்தான். ராத்தாவிடம் கொடுத்த தாள் அந்த வழியால் போய், கையால் பிரதி எடுக்கப்பட்டு, அன்றைக்கே தெருவின் கடைசி வீடுவரை சேர்ந்துவிட்டது. கடைசி வீடு மரைக்காருடையது.

நாலாம் நாள் ஷஃபான் இருபத்தொன்பது. தலைப்பிறை பார்க்க ஆண்களெல்லாம் எங்கள் தெரு முடியும் இடத்தில், மேற்கே வயல் ஓரத்தில் கூடினோம். நான் மரைக்காருக்குப் பக்கத்தில், பாதி மருமகனாக நின்றேன். பொழுது இன்னும் வயலுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் சிவந்து நின்றது. அது பட்ட பிறகுதான் பிறையைத் தேட வேண்டும். எல்லோரும் காத்திருந்தோம். அப்போது தெருப்பக்கமிருந்து பெண்களின் கூட்டமொன்று சிரித்துப் பேசிக்கொண்டு வந்தது. முன்னால் மரைக்காரின் மனைவி. பின்னால் ராத்தா. நடுவில் ஜெஸீமா. ஒரு மாமி கடித்த வடையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன, பிறை கண்டாச்சா?" என்று மரைக்காரின் மனைவி கேட்டார்.

மரைக்கார் கையை நீட்டி மேற்கைக் காட்டினார். "பொழுதே இன்னம் படல்ல. பிறைக்கு என்ன அவசரம்?"

அத்தனை பெண்களும் மேற்கே திரும்பினார்கள். சூரியன் அவர்களை முழுசாகப் பார்த்தது. வடை மாமி வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

"யா அல்லாஹ்! நாங்க நோன்பு திறந்திட்டமே!"

"கஞ்சியும் குடிச்சி கோப்பையும் கழுவி வெச்சிட்டு வாறன் கா!"

"ஆறு அஞ்சு எண்டுதானே தாளில இரிந்த?"

"நாளைக்கு இல்லாட்டி நாளண்டைக்கு நோன்பு கா. இனி எப்ப புடிக்கிற?"

யாரோ ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், "அப்ப நேத்து?"

"முந்தநாளும் அந்தத் தாளப் பாத்துத்தானே…" என்றது இன்னொரு குரல். நாலு நாள். ஒவ்வொருவரும் விரலை மடித்து எண்ணியதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு எல்லாத் தலையும் ராத்தாவின் பக்கம் திரும்பியது. ராத்தா, கூடப்பிறந்த பாசமெல்லாம் ஒரு நொடியில் அற்றுப்போனவளாக, என்னைக் கைகாட்டினாள்.

"இவன்ட மிசின்ல அடிச்சது!"

நான் மரைக்காரைப் பார்த்தேன். மரைக்கார் தன் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "தேவல்லாத சாமானெல்லாம் எறிஞ்சிட்டன் எண்டு செல்லிக்கிட்டு இரிந்தீங்களே தம்பி" என்றார். என் வாயில் 'மாமா' வரவில்லை. "மரைக்கார்…" என்று தொடங்கி அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அன்று பிறை தெரியாவிட்டால் மறுநாளும் ஷஃபான்தான். ஒரு நோன்பையாவது திரும்பப் பிடிக்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக, பிறை தெரியாமல் போகட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வானத்தில் ஒரு பொட்டு முகிலும் இல்லை. பொழுது பட்டதும் நகம் வெட்டிப் போட்ட மாதிரி பிறை அப்படியே வந்து நின்றது. மற்ற வருடங்களில் அதைக் காண ஆளுக்கொரு திசையில் கை நீட்டிச் சண்டை பிடிப்போம். அந்த வருடம் கண் மங்கிய கிழவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து எமியுலேட்டரைத் திறந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் பிடிபட்டது. றமழான் அல்லாத மாதங்களில் புரோகிராம் எட்டு நிமிடத்தைக் குறைத்ததும், 'குறைத்தாயிற்று' என்று ஒரு குறிப்பெழுதிப் பின்னறையில் வைக்கும். கடைசியில் அச்சடிக்கும் முன் அந்தக் குறிப்பைத் தேடும். குறிப்பு இல்லையென்றால், குறைக்க மறந்துவிட்டோம் என்று நினைத்து எட்டைக் குறைக்கும். அது வைத்த குறிப்பை என் இரண்டு வரி எறிந்துவிட்டது. அது தேடி வந்தபோது 'ஒன்றுமில்லை' என்றும் சொல்லிவிட்டது. பாவம், அது இன்னொரு எட்டைக் குறைத்தது. ஆறு பதின்மூன்று, ஆறு ஐந்தாகப் போனது. எட்டாத வரி, எட்டாத வரி என்று வெட்டினேனே, சரியாக எட்டிவிட்டது.

மறுநாள் தலைநோன்பு. மரைக்கார் காலையிலேயே உம்மாவிடம் ஆள் அனுப்பினார். 'கல்யாணக் கதைய கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்.' பொறுத்துப் பார்ப்போம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா ஒரு டீவியக் கொண்டாந்திருக்கலாமே மனே" என்றார். பள்ளியில் என் றமழான் அட்டவணையைக் கழற்றிவிட்டு, கொழும்புக் கலண்டரில் பென்சிலால் எட்டு எட்டாகக் குறைத்துத் தொங்க விட்டார்கள். என்னுடையதும் அதுவும் ஒரு நிமிடமும் வித்தியாசமில்லை என்று சொல்லப் போனேன். மோதினார் என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டார். அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என் அட்டவணையை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குக் கவலையில்லை. ஜெஸீமா போய்விடுவாளே என்றுதான் அழுதேன்.

மூன்றாம் நோன்பு அன்று பின்னேரம் ராத்தா கூப்பிட்டாள். அவளுடைய வளவின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஜெஸீமா நின்றாள். இந்தப் பக்கம் நான். இடையில் ராத்தா, நல்லெண்ணத் தூதுவராக. ஜெஸீமா என்னோடு பேசவில்லை, ராத்தாவிடம் பேசினாள். நான் பத்தடியில் நின்றேன்.

"ராத்தா, உங்கட தம்பிக்கிட்ட கேளுங்க. என்ன நடந்த?"

முன்னறை, பின்னறை, எண்ணி, பூச்சியம், குறிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு ரீச்சர் இல்லையா, இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தொடங்கினாள்.

"அந்த அறைக்கி ஒருத்தரும் போறல்ல எண்டு எந்த மாசத்த வெச்சு எண்ணினாராம்?"

"றமழான்" என்றேன்.

"றமழான்ல ஆரு களா புடிக்கிற ராத்தா?"

ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எறியிறதுக்கு முந்தி உங்கட்ட ஒரு சொல்லு கேட்டாரா? அவருட உம்மாட்டக் கேட்டாரா?"

"இல்ல" என்றேன்.

"என்ட நாலு நோன்பும் போச்சு. பள்ளிக்கூடத்துல வெயிலுக்க நிண்டு புடிச்ச நோன்பு." இதைச் சொல்லும்போது அவளுடைய குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கு அந்த வேலியோடு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. "பெருநாளைக்குப் புறகு நானும் புடிக்கிறன்" என்றேன். "நாலு இல்ல, எத்தின வேணுமெண்டாலும்."

பிறகு சொன்னாள்.

"ராத்தா, கலியாணம் முடிஞ்சா இவரு என்ட வீட்டுக்குத்தானே வாற. என்ட வீட்டுலயும் இப்புடி ஆருட்டயும் கேக்காம, இது தேவல்ல, அது தேவல்ல எண்டு எறிவாரா?" (எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டும்.) "என்னட்டக் கேக்காம ஒரு சாமானையும் எறியிறல்ல எண்டு வாக்குத் தந்தா, வாப்பாவோட நான் கதைக்கிறன்."

ராத்தா என் பக்கம் திரும்புவதற்குள், "ஓம், ஓம், சம்மதம்!" என்று கத்தினேன். பிறகு நிக்காஹ் மஜ்லிஸில்கூட அவ்வளவு சத்தமாக நான் சம்மதம் சொல்லவில்லை.

அவள் கதைத்தாள். மரைக்கார் இறங்கி வந்தார். "கம்பியூட்டர் வேற, மாப்புள வேற" என்று தீர்ப்புச் சொன்னார். பெருநாள் கழிந்து தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த நோன்புகளைத் திரும்பப் பிடித்தார்கள். நானும் நாலு பிடித்தேன். வடை மாமி மட்டும் கல்யாணச் சோறு தின்னும்வரை என்னோடு பேசவில்லை.

முப்பது வருடத்துக்கு மேலாகிறது. கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. ஜெஸீமா மீற விடவும் இல்லை. அவள் வீட்டில் இன்று மூடி இல்லாத மூன்று சட்டி, சட்டி இல்லாத ஐந்து மூடி, கம்பி மட்டுமான ஒரு குடை, கைப்பிடி இல்லாத கேத்தல், ஓடாத இரண்டு மணிக்கூடு எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எறியட்டுமா என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறேன். "எந்த மாசத்த வெச்சு எண்ணினீங்க?" என்று அவள் கேட்கிறாள். அதோடு சரி. மருமகன்மார் வந்த முதல் வாரத்திலேயே அவர்களை உட்கார்த்தி, வயல் ஓரத்துச் சூரியனிலிருந்து தொடங்கி, வடை மாமியின் கன்னம்வரை நடித்துக் காட்டிவிடுவாள்.

போன றமழானுக்கு முன் இளைய மகள் வந்து வீடு துப்பரவாக்கினாள். ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டி, "உம்மா, இத ஆரு பாவிக்கிற?" என்று கேட்டுக் களைத்துப்போனாள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சாய்மனைக் கதிரையில் படுத்துப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் விளக்குமாற்றை என் பக்கம் நீட்டினாள்.

"அப்ப வாப்பா? அவரும் ஒரு மாசத்துலயும் ஒரு வேலையும் செய்யிறல்லியே. எடுத்து வெளிய வெச்சிரட்டா?"

ஜெஸீமா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கிடக்கட்டும் புள்ள. ஆருக்காச்சும் தேவப்படும்."